துரைசானி இல்லாத ஒரு வேஷம்

செம்பூரில் அந்த அம்மா வீட்டில் நான் சமையல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. தாராவியிலிருந்து சயான் வரை நடந்து, அங்கிருந்து பஸ் பிடித்துப் போனேன். கதவைத் திறந்தவரைப் பார்த்ததும், தப்பான வீட்டு மணியை அடித்துவிட்டோம் என்று படியிறங்கத் திரும்பினேன். வெள்ளைக்கார அம்மா. நல்ல உயரம். கண் சாம்பல் நிறம். பருத்திப் புடவை கட்டி, கையில் கரண்டி வைத்திருந்தார்.

"எங்கடி போற? உள்ள வா. காபி குடிச்சுட்டு வேலையைப் பார்க்கலாம்" என்றார்.

மாட்டுங்கா மாமிகள் பேசுகிற தமிழ், அப்படியே. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நான் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்காதவள். கடையில்கூடக் கையைக் காட்டித்தான் சாமான் வாங்குவேன். கோயிலில் ஜெபக் கூட்டத்தில் கடைசி பெஞ்சு, அதிலும் கதவோரம். அப்படிப்பட்டவளை அந்த அம்மா இருபது வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டார். அவர் பேசிக்கொண்டே இருப்பார், நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். இரண்டு பேருக்கும் அது ஒத்துப்போயிற்று.

அவர் ருசியாவில் நாடக நடிகையாக இருந்தவர். சினிமா இல்லை, மேடை மட்டும்தான். வோல்கா என்று ஒரு பெரிய ஆறாம், அதன் கரையில் ஒரு ஊர். அப்பா சண்டைக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மா நூல் மில்லில் வேலை. இவர் பதினேழு வயதில் நாடகப் பள்ளியில் சேர்ந்து, பிறகு அந்த ஊர்க் கொட்டகையிலேயே நடிகையாகிவிட்டார். பீட்ரூட்டை அரிந்துகொண்டே இதையெல்லாம் சொல்வார். நடுவில் ஷேப்பு என்கிற சதகுப்பைக் கீரைக் கட்டை எடுத்து முகர்ந்து பார்ப்பார். அந்தக் கீரை வாசம் அவர் ஊரிலும் உண்டாம். அதை முகர்ந்த நாளில் கதை இன்னும் கொஞ்சம் நீளும்.

"முதல் வருஷம் முழுக்கத் தட்டுதான் தூக்கினேன். சூப்புத் தட்டு. கொண்டு வந்து வெக்கணும், போகணும். வசனம் கிடையாது. ஆனா நான் வெச்சா, சூப்பு சுடறதுன்னு கடைசி வரிசைக்குத் தெரியும்" என்பார்.

பனிக்காலத்தில் லாரியில் ஏறிக் கிராமம் கிராமமாகப் போவார்களாம். கொட்டகையில் குளிர் தாங்காமல் ஜனங்கள் கோட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். மேடையில் இவர் மெல்லிசு கவுன் போட்டு, கோடைக்காலத் தோட்டத்தில் நிற்கிற பெண்ணாக நடிக்க வேண்டும். பேசினால் வாயிலிருந்து புகை வரும். கோடையில் எப்படிப் புகை வரும்?

"என்னம்மா செஞ்சிய?" என்று கேட்டேன்.

"ஐஸ் துண்டை வாய்ல போட்டுண்டு வெளிய வருவோம். வாய் குளிர்ந்துபோனா புகை வராது. பல்லெல்லாம் கூசிப்போயிடும். ஆனா கோடைக்காலம் வந்துடும்."

கல்யாணக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. டிராம்பேயில் வேலை பார்த்த ஒரு என்ஜினியர், மாட்டுங்காக்காரர், மேல் படிப்புக்கு அந்த ஊருக்குப் போயிருந்தார். பாஷை தெரியாது. இருந்தும் ஏழு நாள் ஒரே நாடகத்துக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாராம். எட்டாம் நாள் வரவில்லை.

"அன்னிக்குத்தான்டி வாழ்க்கைல முதல் தடவையா வசனம் மறந்தேன். அந்த நாற்காலியைப் பார்த்தேன், காலி. மண்டையும் காலி. அப்பறம் அவரைக் கல்யாணம் பண்ணிக்காம என்ன பண்றது?"

அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது ஒரு கிழவி. அவர்கள் கொட்டகையில் மேடை முன்னால் தரையில் ஒரு பொந்து இருக்குமாம், மேலே மூடி போட்டு. அதற்குள் புத்தகத்தோடு ஒரு ஆள். நடிகர் மறந்தால் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பது வேலை. சுஃப்ல்யோர் என்று சொல்வார்கள். அந்தக் கிழவி முப்பது வருஷம் அந்தப் பொந்தில் இருந்தாராம். ஊரில் எல்லாரும் நாடகம் பார்த்தார்கள், அவரை ஒருத்தரும் பார்த்ததில்லை.

"நல்ல வேலைம்மா அது" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

கல்யாணம் முடிந்து, பாதி நாடகத்தில் வேஷத்தை விட்டுவிட்டுப் பம்பாய் வந்தார். மாட்டுங்காவில் மூன்றாவது மாடி. நல்ல மே மாசம். கதவைத் திறந்தவர் மாமியார். மடிசார், வைரத்தோடு. மருமகளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு வார்த்தை இல்லை.

"பத்து மூச்சு நின்னாடி. நான் எண்ணினேன். எங்க ஊர்ல பெரிய பெரிய நடிகையெல்லாம் பார்த்திருக்கேன், அப்படி ஒரு நிறுத்தம் யாருக்கும் வராது. திட்டப்போறாளா, அழப்போறாளா, கதவைச் சாத்தப்போறாளா, ஒண்ணும் தெரியலை. அப்பறம் சொன்னா, 'வாடிம்மா. வெயில்ல வந்திருக்க. முதல்ல மோர் குடி.' எனக்கு ஒரு வார்த்தை புரியலை. ஆனா உள்ள போயிட்டேன்."

அந்த மாமியார்தான் அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது. மேடை ஆசை விடாததால் மாட்டுங்கா நாடகக் குழுவுக்குப் போனார். அவர்களும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் என்ன வேஷம் கொடுத்தார்கள்? கலெக்டர் பெண்டாட்டி துரைசானி. கான்வென்ட் துரைசானி. மாப்பிள்ளை லண்டனிலிருந்து கூட்டிக்கொண்டு வந்த துரைசானி. ஒரு தடவை மாறுதலுக்குப் பேய் வேஷம். அதுவும் துரைசானிப் பேய்! தமிழ் இவ்வளவு நன்றாகப் பேசுகிறவரை, மேடையில் தமிழைத் தப்பாகப் பேசச் சொல்வார்களாம், ஜனங்கள் சிரிப்பதற்கு. ஐம்பது வருஷம் இப்படியே போயிற்று. வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். மகளுக்குக் கல்யாணமாகி கோபர்கைரனேயில் குடும்பம்.

மூன்று வருஷம் முன்னால் அம்மாவுக்கு மறதி ஆரம்பித்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்பு. காஸை மூட்டிவிட்டு வேறு அறைக்குப் போய்விடுவது. டாக்டர் இது கூடிக்கொண்டேதான் போகும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை உட்காரச் சொன்னார்.

"நோட்டை எடு. நான் சொல்றேன், நீ எழுது" என்றார்.

அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. நான் தாராவி முனிசிபல் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். பைபிள் வாசித்து வாசித்து எழுத்து விட்டுப்போகாமல் இருந்தது. அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவருடைய மாமியார் கதை. மருமகள் வந்து சேர்ந்த அன்றைக்குக் காலையில் அந்த அம்மாள் தரையைத் துடைக்கிறார், பால்காரரோடு சண்டை போடுகிறார், மணி அடிக்கிறது, கதவைத் திறக்கிறார், ருசியா மருமகள் நிற்கிறாள். இருபது நிமிஷம். மேடையில் ஒரே ஆள். மாமியாராக அம்மாவே நடிப்பது.

குழு செயலாளர் மாமாவைக் காபிக்குக் கூப்பிட்டு, ஆண்டு விழாவில் இதைப் போட வேண்டும் என்று சொன்னார். மாமா காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாமி, இந்த வருஷ விழால வெள்ளைக்கார வேஷமே இல்லையே?"

"அதனாலதான் கேக்கறேன்."

"மடிசார் கட்டிண்டு நீங்க வந்தா ஜனங்க சிரிப்பாளே."

"சிரிக்கட்டும். சிரிச்சு முடிக்கற வரைக்கும் நிப்பேன். நேக்கு வேற என்ன வேலை?"

மகள் கேள்விப்பட்டு அன்றைக்கே ஓடி வந்தது. நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன், ஐம்பது வயதாகப் போகிறது. "மம்மி, பாகல் ஹோ க்யா, பைத்தியமா? எல்லார் முன்னாடியும் பிளாங்க் ஆயிட்டா? நாளைக்கு மாட்டுங்கா பூரா பேசுவாங்க, பாவம் ரஷ்யா மாமிக்கு மண்டை போச்சுன்னு. அக்கா, நீங்களாவது சொல்லுங்க!"

நான் புளியைக் கரைத்துக்கொண்டு நின்றேன்.

அம்மா கோபப்படவில்லை. "ஒரே ஒரு தடவை. துரைசானியா இல்லாம, ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். அடுத்த வருஷம் என்னால முடியாது, உனக்கே தெரியும்" என்றார். பாப்பா அழுதுவிட்டது. கடைசியில், அக்கா பக்கத்தில் இருந்து வசனம் எடுத்துக் கொடுப்பதானால் சரி என்று ஒத்துக்கொண்டது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, இரண்டு பேரும்.

நாலு மாசம் ஒத்திகை. அடுப்படியிலும் ஹாலிலும்தான். அம்மா எனக்குப் பாடம் எடுத்தார். "முழு வரியும் சொல்லாதே. முதல் வார்த்தை மட்டும் குடு, மிச்சம் நான் பிடிச்சுப்பேன். எனக்குக் கேக்கணும், முதல் வரிசைக்குக் கேக்கப்படாது. முக்கியமா, நிறுத்தம் வேற, மறதி வேற. நான் வேணும்னு நிறுத்தறச்சே நீ வாயைத் திறந்தியோ, கொன்னுடுவேன்."

"ரெண்டும் ஒண்ணு போலத்தானேம்மா இருக்கும்? எப்பிடித் தெரியும்?"

"மூச்சைப் பாரு. நிறுத்தறச்சே மூச்சு உள்ளேயே இருக்கும். மறந்துட்டா வெளிய போயிடும். தோள் இறங்கிடும்."

அதற்குப் பிறகு நான் அவர் தோளையே பார்த்துக்கொண்டு இருந்தேன், தோசை வார்க்கும்போதுகூட.

ஒரு நாள் ஒத்திகையில் அம்மா கையிலிருந்து நோட்டு கீழே விழுந்தது. உடனே மனுஷி தொப்பென்று அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்! எனக்கு உயிரே போயிற்று. புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாங்கள். நான் கைவலிக்க எழுதிய எழுத்து வேறு.

"எந்திரிங்கம்மா! எழுத்து மேல போயி இருக்கிய. எந்திரிங்க!"

"உக்காரணும்டி. எங்க கொட்டகைல வழக்கம். வசனம் கீழ விழுந்தா, எடுக்கறதுக்கு முன்னாடி அது மேல உக்காரணும். இல்லேன்னா மேடைல மறந்துபோயிடும்."

"பாவம்மா அது."

"மறக்கறதுதான் பாவம். இரு, இன்னும் கொஞ்ச நேரம்."

அவர் எழுந்த பிறகு நான் நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, தானும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

விழாவுக்கு இரண்டு மாசம் இருக்கும்போது ஒரு காலையில், நான் பால் பாக்கெட்டோடு உள்ளே நுழைந்தேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து, மரியாதையாக, "யார் வேணும் உங்களுக்கு?" என்று கேட்டார். எப்போதும் "நீ" என்பவர் "உங்களுக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டார். பாப்பாவிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நாடகம் நின்றுபோகும்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாட்டுங்கா ஹாலில் பொந்து ஏது? முந்தின நாடகத்துக்குச் செய்த மர அலமாரி ஒன்று மேடையில் இருந்தது. அதன் பின்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். கதவில் மூன்று விரல் இடைவெளி. உள்ளே பெயின்ட் வாசம், ரசகற்பூர வாசம். நோட்டைப் பிரித்தால் இருட்டில் ஒரு எழுத்து தெரியவில்லை. அதனால் என்ன, எனக்கு எல்லாம் மனப்பாடம். எனக்குப் பயமெல்லாம் ஜனக்கூட்டத்தை நினைத்துத்தான், அவர்கள் என்னைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும்.

திரை விலகியதும் சிரித்தார்கள். மாமா சொன்னபடியே. "அடடே, ரஷ்யா மாமி மடிசார்ல!" என்று யாரோ உரக்கச் சொன்னார்கள். அம்மா காதில் வாங்கவே இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து தரையைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், ஒரு இடத்தில் கறை போகவில்லை என்று நகத்தால் சுரண்டினார். கூட்டத்தில் சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கிற்று. பிறகு பால்காரரோடு சண்டை. அப்போது மறுபடியும் சிரித்தார்கள். ஆனால் இது வேறு சிரிப்பு. இந்தச் சிரிப்பு, மேடையில் இல்லாத அந்தப் பால்காரரைப் பார்த்து.

மணி அடித்தது. அம்மா போய்க் கதவைத் திறந்தார். வைரத்தோட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. தோள் நிமிர்ந்திருந்தது. ஹாலில் ஒரு இருமல் இல்லை. நாலு, ஐந்து. ஆறில் தோள் இறங்கியது.

"வாடிம்மா" என்றேன் மெதுவாக. மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி, "வாடிம்மா."

அம்மா திரும்பினார். வெளியே மருமகள் நிற்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு, நேரே அலமாரியை நோக்கி நடந்து வந்தார். குனிந்து, இடைவெளி வழியாக உள்ளே பார்த்தார்.

"யாருடி உள்ள?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கும் ஒரு நிமிஷம், அம்மா சமாளிக்கிறார் என்றுதான் தோன்றியது. பிறகு கண்ணைப் பார்த்தேன். பால் பாக்கெட்டோடு போன அன்றைக்குப் பார்த்த அதே கண். அம்மா நடிக்கவில்லை. என்னை அவருக்குத் தெரியவில்லை. தான் எங்கே நிற்கிறோம் என்றும் தெரியவில்லை.

திரையைப் போடச் சொல்லிக் கத்தலாம். மேடை ஓரத்தில் பாப்பா எழுந்து நிற்பது தெரிந்தது. திரை விழுந்தால் அதோடு முடிந்தது, அம்மாவுக்கு இன்னொரு நாள் கிடையாது. எப்படி எனக்கு வாய் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"நாந்தாம்மா. உங்க வீட்டுல வேல செய்யுதவ" என்றேன். அந்த ஹாலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி.

"அலமாரிக்குள்ள என்ன பண்ற?"

"நீங்கதான் இருக்கச் சொன்னிய."

"நானா?"

"ஆமா. அத விடுங்க. வாசல்ல ஆளு வந்து நிக்கில்லா."

"யாரு?"

"உங்க மருமவ. உங்க மவன் ருசியாவுல இருந்து கூட்டியாந்திருக்காவ. பாவம், இந்த வெயில்ல நிக்கா. பாருங்கம்மா."

அம்மா கதவைத் திரும்பிப் பார்த்தார். ஒத்திகையில் ஒரு நாளும் அவர் அப்படிப் பார்த்ததில்லை. மெல்ல நடந்துபோய் வாசலில் நின்றார். தோள் நிமிர்ந்தது.

"வாடிம்மா" என்றார். "வெயில்ல வந்திருக்க. முதல்ல மோர் குடி."

அதற்குப் பிறகும் இரண்டு தடவை தோள் இறங்கியது. இரண்டு தடவையும் அலமாரியைப் பார்த்து, "ஏண்டி, அப்பறம்?" என்று கேட்டார். நான் வேலைக்காரியாகவே பதில் சொன்னேன், "மோர எடுங்கம்மா", "பிள்ளைக்குப் பாஷ தெரியாதுல்லா, கையப் பிடிச்சுக் கூப்பிடுங்க" என்று. அவர் மோரை ஆற்றினார். வாசல்படியில் டம்ளரை வைத்தார். யாரும் இல்லாத இடத்தில் ஒரு கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தார். அந்தக் கை இருந்தது. நான் பார்த்தேன். திரை விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்தும் நான் அலமாரியை விட்டு வெளியே வரவில்லை. செயலாளர் மாமா சொல்வது கேட்டது: "அலமாரிக்குள்ள வேலைக்காரியை வெச்ச ஐடியா பிரமாதம் மாமி! ஒத்திகைல சொல்லவே இல்லையே!" ஹால் காலியான பிறகு உள்ளறைக்குப் போனேன். பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டு பார்த்தார்.

"கடைசி வரைக்கும் வந்துதாடி?"

"வந்துதும்மா. ஒண்ணும் விட்டுப்போகல."

கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

இப்போது அம்மா கோபர்கைரனேயில் பாப்பாவோடு இருக்கிறார். செம்பூர் வீட்டைக் காலி செய்தாயிற்று. நான் வியாழக்கிழமை தோறும் ரயிலில் போய், பீட்ரூட் சூப்பு வைத்துக் கொடுத்துவிட்டு வருகிறேன். பெரும்பாலும் என்னைத் தெரிவதில்லை. தமிழ் மட்டும் போகவில்லை. ருசியா பாஷை முதலில் போய்விட்டது என்று பாப்பா சொல்கிறது. டாக்டரே ஆச்சரியப்பட்டாராம்.

போன வாரம் பாப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "அக்கா, ஒண்ணு கேக்கணும். சச் போல்னா, நிஜத்தைச் சொல்லணும். அன்னைக்கு மம்மி அலமாரி கிட்ட வந்தாங்கல்ல, அது பிளானா? இல்ல நிஜமாவே மறந்துட்டாங்களா?"

"பிளான்தான் பாப்பா. நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சது. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுட்டாவ" என்றேன்.

பாப்பா பெரிய மூச்சு விட்டது. அதற்குத் தமிழ் படிக்க வராது, பிள்ளைகளுக்கும் வராது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பாப்பாவின் போனில் அந்த நாடகம் இருக்கிறது. அன்றைக்கு மேடை ஓரத்திலிருந்து எடுத்தது. பாப்பா அதைப் போட்டு அம்மா மடியில் வைத்தது. அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். தரையைச் சுரண்டுகிற இடத்தில் சிரித்தார். வாசலில் நிற்கிற இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு, போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"நன்னாப் பண்றாளே. யாருடி இந்த மாமி?"

பாப்பா என்னைப் பார்த்தது.

"மாட்டுங்காக்காரவிய அம்மா" என்றேன்.

"அதானே பார்த்தேன்" என்றார் அம்மா. "மடிசார் எப்படி நின்னிருக்கு பாரு. மறுபடியும் போடு."